கட்டடம் வந்தது, வைத்தியர் வரவில்லை: வாசகர் கேள்வி பதில்

வன்னியின் அரச வைத்தியசாலைகள், அவற்றுக்கு வரும் நிதி ஆகியவை குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இம்முறை பதில் தருகிறேன். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாக்கியுள்ளேன். பல வருடங்கள் மாகாண நிர்வாகத்தின் கணக்குக் கிளையில் இருந்தவன் என்பதால், மருத்துவத்தை விட அதற்கான பணம் வரும் வழியையே என்னால் நம்பிக்கையோடு சொல்ல முடியும்.

கேள்வி: எங்கள் பிரதேச வைத்தியசாலைக்கு இரண்டு மாடிக் கட்டடம் கட்டித் திறந்து வைத்தார்கள். ஆனால் பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு அங்கே வைத்தியர் இல்லை. கட்டடத்துக்கு இருந்த காசு வைத்தியருக்கு ஏன் இல்லாமற் போனது, ஐயா?
(முல்லைத்தீவு மாவட்ட வாசகர்)

இரண்டும் ஒரே காசு அல்ல என்பதிலிருந்துதான் இதற்குப் பதில் தொடங்க வேண்டும். கட்டடம், இயந்திரம், அம்புலன்ஸ் போன்றவை மூலதனச் செலவில் சேரும். அதற்கு மாகாணத்துக்கென ஒதுக்கப்படும் அபிவிருத்திக் கொடை (அலுவலகங்களில் பி.எஸ்.டி.ஜி. என்றே சொல்வார்கள்), மத்திய அமைச்சின் ஒதுக்கீடு, வெளிநாட்டுக் கடன் எனப் பல வாசல்கள் உண்டு. நெதர்லாந்தின் நிதியுதவித் திட்டத்தின் கீழ் கிளிநொச்சியில் அமைக்கப்பட்டு 2024 மே மாதத்தில் திறக்கப்பட்ட பெண்களுக்கான சிகிச்சை நிலையம் அவ்வாறு வந்த ஒன்றாகும். சம்பளம், மேலதிக நேரக் கொடுப்பனவு, மின்சாரக் கட்டணம், நோயாளர் உணவு ஆகியவை மீண்டுவரும் செலவுகள். மாகாண வைத்தியசாலைகளைப் பொறுத்தவரை அவை திறைசேரி தரும் தொகுதிக் கொடையையே பெரிதும் நம்பியிருக்கின்றன. கட்டடத்துக்கு ஒருமுறை பணம் கொடுத்தால் போதும். அதற்குள் வேலை செய்பவருக்கு மாதாமாதம் கொடுக்க வேண்டும். அதனால்தான் முதலாவதைக் கொடுக்கப் பலரும் முன்வருகிறார்கள், இரண்டாவதைக் கொடுக்க ஒருவரும் முன்வருவதில்லை.

பணம் இருந்தாலும் வைத்தியரை நியமிக்கும் அதிகாரம் மாகாணத்திடம் இல்லை. ஒரு வைத்தியசாலைக்கு எத்தனை வைத்தியர், எத்தனை தாதியர் என்ற ஆளணிக்குத் திறைசேரியின் முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் ஒப்புதல் தர வேண்டும். அந்த எண்ணிக்கையோ வைத்தியசாலையின் தரத்தைப் பொறுத்தது. பிரதேச வைத்தியசாலைகளில் 100 கட்டில்களுக்கு மேற்பட்டவை ஏ தரம், 50 முதல் 100 வரையானவை பி தரம், அதற்குக் குறைந்தவை சி தரம். மருத்துவம், சத்திரசிகிச்சை, குழந்தை மருத்துவம், மகப்பேறு ஆகிய நான்கு துறைகளின் நிபுணர்களை எதிர்பார்க்க வேண்டுமானால் அது ஆதார வைத்தியசாலையாக இருக்க வேண்டும். மாடியைக் கூட்டிக் கட்டுவதால் தரம் கூடிவிடாது. ஆளணிக்கு ஒப்புதல் கிடைத்த பின்னரும், அந்த இடங்களை நிரப்புவது கொழும்பிலிருந்து வரும் வருடாந்த இடமாற்றப் பட்டியல்தான். 2022ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பின்னர் வைத்தியர்கள் பலர் நாட்டைவிட்டு வெளியேறியதால் அப்பட்டியலிலும் வெற்றிடங்கள் கூடின. வெற்றிடம் கூடும்போது முதலில் காய்வது வாய்க்காலின் கடைசிக் காணிதான் என்பதை வன்னி வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

கேள்விக்கு வெளியேயும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. புதிய நோயாளர் விடுதிக் கட்டடம் கேட்டு மகஜர் கொடுப்பவர்கள் வைத்தியருக்குத் தங்குமிடம் கேட்டுக் கொடுப்பது அரிது. கிணற்றில் உவர் நீர், கூரையில் ஒழுக்கு, இரவில் யானை பற்றிய பயம் என்றிருக்கும் இடத்துக்குக் குடும்பத்தோடு வரும் வைத்தியர் அடுத்த பட்டியல் வரும்வரை நாட்களை எண்ணிக்கொண்டிருப்பதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். எனது அபிப்பிராயத்தில், தண்ணீரும் மின்சாரமும் ஒழுங்காக உள்ள இரண்டு வைத்தியர் விடுதிகள் ஒரு மாடிக் கட்டடத்தை விடக் குறைந்த செலவில் கூடுதலான சிகிச்சையைத் தரும்.

கேள்வி: இவ்வளவு மில்லியன் ஒதுக்கப்பட்டது என்று பத்திரிகையில் வருகிறது. ஆனால் வேலை அரைச் சுவரோடு நிற்கிறது. காசு எங்கே போகிறது?
(கிளிநொச்சி, மன்னார் வாசகர்கள்)

பெரும்பாலும் எங்கும் போவதில்லை. வரவே இல்லை என்பதுதான் உண்மை. ஒதுக்கீடு என்பது செலவழிப்பதற்கான அனுமதி மட்டுமே. அந்த அனுமதிக்குரிய காசு கட்டுநிதியாகத் திறைசேரியிலிருந்து கட்டம் கட்டமாக விடுவிக்கப்படும்.

சிறுபோகக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். காணிக்காரர் எல்லோரும் முழு ஏக்கருக்கும் கேட்பார்கள். குளத்தின் நீர்மட்டத்தைப் பார்த்து அதில் ஒரு பங்குக்கே அனுமதி கிடைக்கும். அந்தப் பங்குக்கும் தண்ணீர் முறை வைத்துத்தான் திறக்கப்படும். மாகாணங்களின் தேவைகளைக் கேட்டுப் பங்கீட்டைப் பரிந்துரைக்கும் வேலையை, அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின் வழி உருவான நிதி ஆணைக்குழு செய்கிறது. மத்திய வங்கியின் ஆளுநரும் திறைசேரியின் செயலாளரும் அதன் உறுப்பினர்கள். மூன்று பெரிய சமூகங்களையும் பிரதிநிதித்துவப்படுத்தும் மூவரும் அதில் இருப்பார்கள். ஆனால் துருசைத் திறப்பது ஆணைக்குழு அல்ல, திறைசேரிதான்.

கட்டுநிதி ஆண்டின் பிற்பகுதியில் வந்து சேரும்போது வன்னியில் மாரி தொடங்கிவிடுகிறது. ஒக்டோபருக்குப் பின் அத்திவாரம் வெட்டினால் அது கேணியாகிவிடும். டிசம்பர் 31ஆம் திகதியோடு அவ்வருட ஒதுக்கீடும் முடிந்துவிடும். எனவே அவசரமாகச் சீமெந்து பூசிக் கொடுப்பனவுப் பட்டியலை முடிப்பது, அல்லது ஒப்பந்தக்காரரின் நிலுவையை அடுத்த வருட ஒதுக்கீட்டில் முதலில் தீர்ப்பது என்று இரண்டு வழிகளே மிஞ்சுகின்றன. இரண்டாவது வழியில் அடுத்த வருடப் பணமும் பழைய சுவருக்கே போய்விடுகிறது. ஊழல் அறவே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அரைச் சுவரைக் கண்டதும் திருட்டு என்று தீர்மானிக்கும் முன், கட்டுநிதி எந்த மாதத்தில் வந்தது என்று ஒருமுறை கேளுங்கள்.

கேள்வி: மாகாணத்திடம் காசு இல்லையென்றால், எங்கள் மாவட்ட வைத்தியசாலையை மத்திய சுகாதார அமைச்சு பொறுப்பேற்றால் நல்லது அல்லவா? அதை எதிர்ப்பவர்கள் அரசியலுக்காகத்தானே எதிர்க்கிறார்கள்?
(வவுனியா வாசகர்)

இதுபற்றி வந்த கடிதங்களே அதிகம். அவற்றில் கோபமும் அதிகம்.

13ஆவது திருத்தத்தின் மாகாணப் பட்டியலின்படி, போதனா வைத்தியசாலைகளும் விசேட நோக்கத்துக்காக அமைக்கப்பட்டவையும் தவிர்ந்த பொது வைத்தியசாலைகள், கிராமிய வைத்தியசாலைகள், மகப்பேற்று நிலையங்கள், மருந்தகங்கள் ஆகியவை மாகாணத்துக்குரியவை. அதனால்தான் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை நேரடியாக மத்திய அமைச்சின் கீழ் இருக்கிறது. ஆயினும் பிற மாகாணங்களில் மாவட்ட வைத்தியசாலைகள் சில மத்திக்குப் போயின. அவ்வாறு போனவற்றுக்குப் பெரிய இயந்திரங்களும் நிபுணர்களும் விரைவாகக் கிடைப்பதுண்டு என்பதை மறுக்க முடியாது. இருதய நோயாளியை அநுராதபுரத்துக்கோ யாழ்ப்பாணத்துக்கோ அனுப்பிவிட்டு வாசலில் நிற்கும் குடும்பத்திடம் அதிகாரப் பகிர்வு பற்றி விரிவுரை செய்ய எனக்கும் மனம் வராது.

இருந்தும் நான் இந்த யோசனைக்கு ஆதரவானவன் அல்லன். பெரிய வைத்தியசாலை மத்திக்குப் போனால், அதைச் சுற்றியுள்ள பிரதேச வைத்தியசாலைகளும் ஆரம்ப மருத்துவப் பராமரிப்பு நிலையங்களும் மாகாணத்திலேயே தங்கிவிடும். தாய் ஒரு நிர்வாகம், பிள்ளைகள் வேறு நிர்வாகம் என்றாகும்போது, ஒரு தாதியரைத் தற்காலிகமாக இங்கிருந்து அங்கே அனுப்புவதற்கும் இரண்டு அமைச்சுகளின் கடிதம் தேவைப்படும். தடுப்பூசி, கர்ப்பிணித் தாய்மாரின் பராமரிப்பு, டெங்குத் தடுப்பு ஆகியவற்றைச் செய்யும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளும் குடும்பநல உத்தியோகத்தர்களும் மாகாணத்திலேயே இருப்பார்கள். பெரிய வைத்தியசாலையின் பெயரால் கிடைத்துவந்த கவனமும் அவர்களிடமிருந்து போய்விடும். மலேரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருகாலத்தில் வன்னிக்கு மாற்றலாகி வரும் உத்தியோகத்தர் பெட்டியில் குளோரோகுயின் குளிசையோடு வந்தார். 2012 ஒக்டோபருக்குப் பின்னர் உள்நாட்டில் தொற்றிய மலேரியா பதிவாகாத நிலையில், 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அதற்குக் காரணமானவர்கள் வீடு வீடாக இரத்தப் பூச்சு எடுத்தவர்களும் மருந்து விசிறியவர்களுமே. அவர்களுடைய வேலைக்குத் திறப்பு விழா நாடா வெட்ட முடியாது.

எதிர்ப்பில் அரசியல் உண்டு என்பதையும் ஏற்கிறேன். ஆனால் வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பின்னர் தேர்தல் நடைபெறாமல் ஆளுநரின் கீழ் நிர்வாகம் நடந்துவரும் நிலையில், மாகாணத்தின் இயலாமையைக் காட்டி மாகாணத்திடமிருந்து எடுக்கச் சொல்வது, குளத்தைத் தூர்வாராமல் விட்டுவிட்டு, தண்ணீர் நிற்கவில்லை என்று குளத்தையே மூடச் சொல்வதை ஒத்தது. கேட்க வேண்டியது மாகாணத்துக்கான ஆளணியையும் உரிய காலத்தில் கட்டுநிதியையும்தான்.

இன்னொரு விடயமும் இதனோடு சேர்கிறது. 2018 யூலையில் வடக்குக்கு வந்த 1990 என்ற தொலைபேசி எண்ணில் அழைக்கும் இலவச அம்புலன்ஸ் சேவை பல உயிர்களைக் காக்கிறது. ஆனால் அது அவசர நோயாளியை நிபுணர் உள்ள இடத்துக்கே கொண்டு செல்லும். வசதி உள்ளவர்களும் சிறிய வைத்தியசாலையைக் கடந்து போய்விடுகிறார்கள். கட்டில்கள் காலியாகக் கிடக்கும் வைத்தியசாலைக்கு ஆளணி எதற்கு என்று கணக்குப் பார்ப்பவர் கேட்பார். ஆள் இல்லாததால்தான் கட்டில் காலியானது என்பது அவருடைய படிவத்தில் எந்த நிரலிலும் இராது.

கேள்வி: என் தாயாருக்குக் கிளினிக்கில் "இந்த ஒரு குளிசையை மட்டும் வெளியில எடுங்கோ அம்மா" என்று மாதாமாதம் துண்டு எழுதிக் கொடுக்கிறார்கள். மருந்தாளர் ஒளித்து வைக்கிறாரா?
(வாசகி, செட்டிகுளம்)

மருந்தாளர்மீது சந்தேகப்படாதீர்கள். மருந்துக் கொள்வனவு மாகாணத்தின் பொறுப்பே அல்ல. மாகாணப் பட்டியல் அதை வெளிப்படையாகவே விலக்கியிருக்கிறது. வைத்தியசாலைகள் தமது வருடத் தேவையை மதிப்பிட்டு அனுப்ப, கொழும்பிலுள்ள மருத்துவ வழங்கல் பிரிவு அதைத் தொகுக்கும். 1971இல் உருவாக்கப்பட்ட அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் கேள்விப்பத்திரம் கோரி வாங்கும். பின்னர் மாவட்ட மருந்துக் களஞ்சியம் வழியாக உங்கள் தாயாரின் கிளினிக்குக்கு அது வந்து சேரும். மருந்துகளில் பெரும்பகுதி இறக்குமதி என்பதால் இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் மாதக்கணக்கில் தட்டுப்பாடு ஏற்படும். 2022இல் டொலர் இல்லாமல் அறுந்தது. பின்னர் அவசரக் கொள்வனவு என்ற பெயரில் தரமற்ற மருந்துகள் வந்ததாக எழுந்த விவகாரத்தில், முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல 2024 பெப்ரவரியில் கைதுசெய்யப்பட்டார்.

தட்டுப்பாட்டின்போது வெளியில் வாங்குவதற்கு வைத்தியசாலைகளுக்கு ஒரு சிறிய தொகை உண்டு. அது முதலில் உயிர்காக்கும் மருந்துகளுக்கே செலவாகும். நீரிழிவுக் குளிசையின் முறை பிந்தித்தான் வரும். துண்டை எறியாமல் திகதியோடு சேர்த்து வையுங்கள். கடைசிக் கேள்விக்கான பதிலில் அது பயன்படும்.

கேள்வி: கனடாவில் உள்ள எங்கள் ஊர்ச் சங்கம் வைத்தியசாலைக்கு ஒரு ஸ்கான் இயந்திரம் வாங்கித் தர விரும்புகிறது. எப்படிக் கொடுப்பது?
(ஒட்டுசுட்டான் வாசகர்)

வாங்குவதற்கு முன் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். இயக்கத் தெரிந்தவர் ஆளணியில் உள்ளாரா, பழுதானால் உதிரிப்பாகம் இலங்கையில் கிடைக்குமா, அறையில் குளிரூட்டியும் சீரான மின்சாரமும் உண்டா என்ற மூன்றுக்கும் ஆம் என்று பதில் வந்தால் மட்டும் பணத்தைச் சேருங்கள். நன்கொடையாக வந்து, பெயர்ப்பலகை மினுங்க, பொலித்தீன் உறை கழற்றப்படாமல் நின்ற இயந்திரம் ஒன்றை வருடாந்தப் பொருட்கணக்கெடுப்பில் மூன்று தடவை எண்ணியவன் நான். அதை அன்பளித்தவர்களுக்கு அது தெரியாது. சங்கம் ஏற்றுக்கொண்டால், நோயாளர் நலன்புரிச் சங்கத்தின் ஊடாக வைத்தியர் விடுதியைத் திருத்திக் கொடுப்பது பற்றியும் பேசிப் பாருங்கள்.

கேள்வி: இலவசத்தை நிறுத்திச் சிறு கட்டணம் அறவிட்டால் வைத்தியசாலைகள் திருந்துமா?
(மன்னார் வாசகர்)

1971இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிட்டுப் பார்த்தார்கள், 1977இல் கைவிட்டார்கள். இன்றும் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் ஏறக்குறைய பாதியை மக்கள் தமது சட்டைப்பையிலிருந்தே கொடுக்கிறார்கள். உங்கள் கட்டணம் ஏற்கெனவே மருந்துக்கடையில் அறவிடப்படுகிறது.

கேள்வி: இவ்வளவையும் யாரிடம் கேட்பது? கேட்டால் பதில் சொல்வார்களா?
(வாசகி, புதுக்குடியிருப்பு)

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, மாகாண சுகாதாரத் திணைக்களத்தின் தகவல் உத்தியோகத்தருக்குத் தமிழில் ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. தகவல் தர முடியுமா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடமும், அதன் பின் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். "வைத்தியசாலை ஏன் இப்படி?" என்று எழுதினால் ஒரு வரியில் பதில் வரும். அங்கீகரிக்கப்பட்ட ஆளணி எத்தனை, இன்று கடமையில் உள்ளவர் எத்தனை, இவ்வருட ஒதுக்கீடு எவ்வளவு, கட்டுநிதி எந்தத் திகதிகளில் கிடைத்தது, துண்டில் எழுதப்பட்ட மருந்து கடந்த ஆறு மாதங்களில் எத்தனை நாட்கள் கையிருப்பில் இல்லை என்று தனித்தனியாகக் கேளுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள்.