கயிற்றில் புலி, அவிழ்த்தால் பூனை: நாய் நடத்துகிறவர்களின் கேள்விகளுக்குப் பதில்

நாயைக் கட்டி நடத்துவதா, அவிழ்த்து விடுவதா என்று குழம்புகிறவர்கள் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். மட்டக்களப்பில் இருந்தும் அம்பாறையில் இருந்தும் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. நான் மிருக வைத்தியர் இல்லை. இருபது வருடமாக நாய் வளர்த்து, ஊராரின் நாய்களையும் பழக்கி, இரண்டு தடவை கடியும் வாங்கியவன். நோய் என்றால் கால்நடை வைத்தியரிடம் போங்கள். நடை, குணம் என்றால் இங்கே கேளுங்கள்.

கல்லடியில் இருந்து ஒரு அக்கா: தம்பி, எங்கட டைகர் வளவுக்குள்ள பக்கத்து வீட்டு நாயோட நல்லா விளையாடும். பின்னேரம் சங்கிலி போட்டு றோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனால், எதிரில் வருகிற எல்லா நாயையும் பார்த்துக் குரைத்துப் பாயுது. அதே நாய்தானே?

அதே நாய்தான் அக்கா. கயிறு இல்லாத இரண்டு நாய்கள் எப்படிக் கிட்ட வருகின்றன என்று ஒரு நாள் கடற்கரையில் நின்று பாருங்கள். நேருக்கு நேர் வராது. ஒன்று மணலை முகர்கிற சாட்டில் தலையைக் குனியும். மற்றது உடம்பைப் பக்கவாட்டில் திருப்பும். இரண்டும் வளைந்து வந்து பின்பக்கத்தை முகரும். பிடிக்காவிட்டால் விலகிப் போய்விடும். சங்கிலியில் நாம் அதை றோட்டோரமாக நேர்கோட்டில் கொண்டுபோகிறோம். வளையவும் வழியில்லை, விலகவும் வழியில்லை. மிச்சம் இருப்பது குரைப்புத்தான். அது குரைக்க, எதிர் நாயும் கடந்து போய்விடும். எப்படியும் போகவிருந்த நாய்தான், ஆனால் டைகர் அதைத் தன் வெற்றியாக எழுதி வைத்துக்கொள்ளும்.

பயத்தில் குரைக்கிற நாயும் உண்டு, கிட்டப் போய் விளையாட விடவில்லையே என்ற ஆத்திரத்தில் குரைக்கிற நாயும் உண்டு. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். உங்களுடையது இரண்டாவது சாதி என்று நினைக்கிறேன். மருந்து இரண்டுக்கும் ஒன்று: தூரம். டைகர் மற்ற நாயைக் காண்கிறது, ஆனால் குரைக்கவில்லை என்ற தூரத்தைக் கண்டுபிடியுங்கள். முப்பது மீற்றர் என்றாலும் பரவாயில்லை, கல்லடிக் கடற்கரையில் இடம் தாராளம். அது பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அவித்த கோழியில் ஒரு சின்னத் துண்டு. குரைக்க முன்னம் திரும்பிவிடுங்கள். கிழமைக் கணக்கில் தூரத்தைக் குறைக்கலாம். பழைய பாலம் மாதிரி ஒடுங்கின இடத்தில் தொடங்க வேண்டாம், விலக இடமிருக்காது.

மறுகா, உங்கட கையையும் கவனியுங்கள். தூரத்தில் நாய் தெரிந்ததும் சங்கிலியை உள்ளங்கையில் சுற்றி இறுக்குகிறீர்களா? ஆபத்து வருகிறது என்று டைகருக்கு முதலில் சொல்வது அந்த இறுக்கம்தான்.

அதே அக்கா: குரைக்கிற நாய்க்குக் கோழி கொடுத்தால் இன்னும் குரைக்காதா?

குரைக்க முன்னம் கொடுக்கச் சொன்னேனே அக்கா. குரைத்துவிட்டால் நீங்கள் கிட்டப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். ஏசாமல் பின்னால் போங்கள். அடிக்கவே வேண்டாம். மற்ற நாய் வந்தால் முதுகில் அடி விழும் என்றுதான் அது படிக்கும்.

செங்கலடியில் இருந்து ஒரு தம்பி: நான் நாயை நடத்தவில்லை அண்ணா, நாய்தான் என்னை நடத்துகிறது. கை கழன்றுவிடும் போல இழுக்கிறது.

இழுத்தால் முன்னுக்குப் போகலாம் என்று அதற்குத் தெரியும், அதனால் இழுக்கிறது. கயிறு இறுகினதும் மரம் மாதிரி நில்லுங்கள். தளர்ந்ததும் நடவுங்கள். அவ்வளவுதான், ஆனால் பொறுமை வேண்டும். என் முதல் நாயோடு படலையில் இருந்து மதகுவரை, ஐம்பது அடி போக இருபது நிமிடம் எடுத்தது. முன்வீட்டு ஆச்சி வேலிக்கு மேலால் எட்டி, "நாய்க்குக் கால் ஏலாதோ மனே?" என்று கேட்டார். மூன்றாம் கிழமைதான் மதகைத் தாண்டினோம். இரும்புச் சங்கிலியை விட்டு, ஒன்றரை முதல் இரண்டு மீற்றர் நாடாக் கயிறு வாங்குங்கள். கழுத்துப்பட்டியை விட மார்பைச் சுற்றிப் போடுகிற பட்டி நல்லது, தொண்டையை நெரிக்காது. இழுக்க இழுக்க இறுகுகிற சுருக்குச் சங்கிலியை எனக்குப் பிடிக்காது, யார் என்ன சொன்னாலும்.

காத்தான்குடியில் இருந்து ஒரு நானா: எனக்கு நாய் இல்லை, பயமும் இல்லை. தொழுகைக்குப் போகிற நேரம் ஒருவரின் நாய் ஓடி வந்து சாரத்தில் மூக்கை வைக்கிறது. அவர் தூரத்தில் நின்று "கடிக்காது, கடிக்காது" என்கிறார்.

நாய் வைத்திருக்கிற எல்லோரும் இதை இரண்டு தடவை வாசியுங்கள். நானா கடியைப் பற்றிக் கேட்கவில்லை. ஷாபிஈ என்கிற இஸ்லாமியச் சட்ட வழக்கப்படி நாயின் ஈரம் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒன்று மண் கலந்த தண்ணீரால். அந்த ஈர மூக்கால் அவருடைய தொழுகை தவறிப்போகலாம். "கடிக்காது" என்பது அதற்குப் பதிலாகாது. தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி இருக்கிற கரை இது. எதிரில் ஆள் வந்தால் கயிற்றைக் கிட்டப் பிடித்து, நாயை மறுபக்கம் மாற்றி, றோட்டைக் கடந்துவிடுங்கள். நான் பொழுதுபடுகிற நேரத்து மஃரிப் பாங்கு நேரத்தில் பள்ளி ஒழுங்கைப் பக்கமே போவதில்லை. நானா, நாய் ஓடி வந்தால் நீங்கள் ஓட வேண்டாம். பக்கவாட்டாகத் திரும்பி, கையை ஆட்டாமல், அதன் கண்ணைப் பார்க்காமல் நில்லுங்கள். பெரும்பாலும் ஆர்வம் போய்விடும்.

கல்முனையில் இருந்து ஒரு தங்கச்சி: மீன் சந்தைப் பக்கம் ஊர் நாய்கள் நாலைந்து சுற்றி வளைக்கின்றன. என் குட்டியைத் தூக்கிவிடவா?

தூக்கினால் அவை உங்கள் மேல் பாயலாம். குட்டியை உங்களுக்குப் பின்னால் விட்டு, ஓடாமல் நடவுங்கள். கல் எடுக்கிறது போலக் குனிந்தாலே நம் ஊர் நாய்கள் பலது பின்வாங்கும், எறியத் தேவையில்லை. அவற்றின் எல்லை முடிந்ததும் தாமாக நின்றுவிடும். சுகமான வழி, சந்தைப் பக்கத்தை விட்டு வேறு ஒழுங்கையால் போவது.

திருக்கோவிலில் இருந்து ஒரு ஐயா: சாகாமம் பக்கம் வயலுக்குப் போகிறபோது நாயை அவிழ்த்துவிடலாமா?

கூப்பிட்டதும் வராத நாயை அவிழ்க்க வேண்டாம் ஐயா. அங்கே யானை வரும். நாய் யானையைக் கண்டு குரைத்துக்கொண்டு ஓடும், யானை துரத்தும், நாய் எங்கே ஓடி வரும்? உங்களிடம்தான், யானையையும் கூட்டிக்கொண்டு. குளத்து ஓரத்தில் முதலை வேறு. முதலில் பத்து மீற்றர் கயிற்றில் பழக்குங்கள். பத்துத் தடவை கூப்பிட்டால் ஒன்பது தடவை தட்டிக் கொடுத்துத் திரும்ப விடுங்கள். வந்ததும் கட்டினால், வந்ததற்கு ஏசினால், பிறகு வராது. நானும் அந்தப் பிழையை விட்டிருக்கிறேன். இரவு எட்டு மணிவரை களப்போரம் அலைந்து தேடினேன்.

ஏறாவூரில் இருந்து: பகல் பன்னிரண்டுக்கு நடத்தலாமா?

தார் றோட்டில் புறங்கையை வையுங்கள். ஏழு எண்ணும்வரை தாங்காவிட்டால் அதன் பாதமும் தாங்காது. விடிய அல்லது பொழுதுபட.

அக்கரைப்பற்றில் இருந்து: நடத்திக்கொண்டு போகும்போது தெருநாய் என் காலில் பல்லைப் பதித்துவிட்டது. சின்னக் கீறல்தான்.

இதை வாசித்து முடிக்க முன்னம் எழும்புங்கள். ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, இன்றைக்கே அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அங்கே காசு இல்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் பூச வேண்டாம். விசர்நாய் நோயின் அறிகுறி தெரியத் தொடங்கினால் காப்பாற்ற முடியாது, அதற்கு முன்னம் ஊசி போட்டால் காப்பாற்றலாம். உங்கள் நாய்க்கும் வருடா வருடம் ஊசி போடுங்கள்.

வாழைச்சேனையில் இருந்து ஒரு தம்பி: ஒவ்வொரு கம்பத்திலும் நின்று முகர்கிறது. இழுத்துக்கொண்டு போகவா?

விடுங்கள் தம்பி. மணம் பிடிக்கிற கலங்கள் நமக்கு ஐம்பது, அறுபது இலட்சம் என்றால் நாய்க்குப் பத்துக் கோடிக்கு மேல். எந்த நாய் வந்தது, ஆணா பெண்ணா என்பதெல்லாம் அந்தக் கம்பத்தில் இருக்கிறது. நிதானமாக முகர்ந்த நாய் வீட்டுக்கு வந்து சும்மா படுக்கும். என் கறுவல் எங்கள் ஒழுங்கை முனையில் ஒரே கம்பத்தில் நாலு நிமிடம் நிற்கும். நான் கயிற்றைத் தளர விட்டு போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இந்தப் பதில்களில் பாதி அங்கே நின்று எழுதினவைதான்.