பணம் போனால் முதல் போன் 1930-க்கு: காரைக்குடியில் ஒரு கேள்வி பதில்

போன ஞாயிறு மாலை எங்கள் வீட்டு முகப்பில் இருபது பேர் போலக் கூடினோம். நான் வங்கியில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கடைசி ஆறு வருடம் மோசடிப் புகார்களைப் பார்க்கும் பிரிவில் இருந்தேன். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கமிருந்து வந்தவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும், வர முடியாதவர்களுக்காக எழுதி வைக்கிறேன். பெயர்களை விட்டுவிட்டேன். 1930 என்பது இணைய மோசடியில் பணம் போனால் புகார் சொல்வதற்கான அரசு உதவி எண்.

தேவகோட்டை ஆச்சி ஒருவர்: மும்பை போலீஸ் என்று வாட்ஸ்அப் வீடியோவில் ஒருவன் வந்தான். என் ஆதாரை வைத்து யாரோ கள்ளப்பணம் போட்டிருக்கிறார்களாம். 'டிஜிட்டல் கைது' செய்திருக்கிறோம், போனை வைக்கக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது என்றான். கரண்ட் போய் வைஃபை நின்றதால் தப்பித்தேன். மறுபடி கூப்பிட்டால் என்ன செய்வது?

எடுக்காதீர்கள் ஆச்சி. எடுத்துவிட்டால் ஒரு வார்த்தையும் பேசாமல் வைத்துவிடுங்கள். டிஜிட்டல் கைது என்று நம் நாட்டுச் சட்டத்தில் ஒன்றுமே கிடையாது. கைது செய்ய வேண்டுமானால் போலீஸ் நேரில் வர வேண்டும். அதிலும் பெண்களைப் பொழுது சாய்ந்த பிறகும் விடிவதற்கு முன்பும் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத சூழல் என்றால் பெண் அதிகாரி ஒருவர் மாஜிஸ்திரேட்டிடம் முன்அனுமதி வாங்கித்தான் செய்ய முடியும். 'பணத்தை அனுப்பு, ரிசர்வ் வங்கி சரிபார்த்துத் திருப்பித் தரும்' என்று அடுத்துச் சொல்வான். அந்த வேலையை ரிசர்வ் வங்கி செய்வதில்லை.

இவர்கள் பேசும் வரிசையைக் கவனியுங்கள். முதலில் கூரியர் கம்பெனி என்றோ தொலைபேசித் துறை என்றோ ஒருவன் மரியாதையாகப் பேசுவான். அவன் 'அதிகாரி'க்கு இணைப்பை மாற்றுவான். திரையில் காக்கிச் சட்டை தெரியும், பின்னால் கொடி இருக்கும், நீதிமன்ற முத்திரை போட்ட கடிதமும் வரும். அத்தனையும் ஜோடனை. அவன் உண்மையில் நம்பியிருப்பது ஒரே வார்த்தையைத்தான்: 'யாரிடமும் சொல்லாதே.' இரண்டு கட்டு வீட்டில் நீங்கள் ஒருத்தியாக இருக்கிறீர்கள், பிள்ளைகள் கடல் தாண்டி இருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் ஒரு வாய் சொல்லிவிட்டால் தன் நாடகம் கலைந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். சொல்லாதே என்று எவன் சொன்னாலும் உடனே எழுந்து போய்ச் சொல்லுங்கள்.

அதே ஆச்சியின் தங்கை: என் மகன் சிங்கப்பூரில் இருப்பதும், எங்கள் குலக் கோயில் எது என்பதும் அவனுக்கு எப்படித் தெரிந்தது?

நாம்தான் அச்சடித்துக் கொடுக்கிறோமே ஆச்சி. நம் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகையில் கோயில், பிரிவு, ஐயா பெயர், விலாசம், யார் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பதுவரை எல்லாம் இருக்கிறது. அதைப் படமெடுத்து நூறு குழுக்களில் போடுகிறோம். உங்கள் விவரம் ஒருவனுக்குத் தெரிந்திருப்பதால் அவன் அதிகாரி ஆகிவிட மாட்டான்.

பள்ளத்தூர், பலகாரம் செய்து விற்கும் தங்கச்சி: கல்யாண அழைப்பிதழ் என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் வந்தது. தொட்டதும் 'இன்ஸ்டால்' கேட்டது. கொடுத்துவிட்டேன்.

அழைப்பிதழ் படமாக வரும், பிடிஎஃப் ஆக வரும், வீடியோவாக வரும். பெயரின் கடைசியில் 'ஏபிகே' என்று இருந்தால் அது ஒரு செயலி. போக்குவரத்து அபராதச் சீட்டு, மின்வாரிய பில் என்ற பெயர்களிலும் இதே ஃபைல் சுற்றுகிறது. உள்ளே போனதும் உங்கள் எஸ்எம்எஸ்ஸைப் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தால் வங்கியிலிருந்து வரும் ஓடிபி அவனுக்கும் போய்ச் சேரும்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் இணையத்தை அணைத்துவிட்டு, வேறொரு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். அப்புறம் அந்தச் செயலியை நீக்குங்கள். உங்களுக்கு வரும் அழைப்புகளைத் தன் எண்ணுக்குத் திருப்பும் கால் ஃபார்வேர்டிங் போட்டிருப்பானோ என்ற சந்தேகத்துக்கு ##002# அடித்தால் எல்லாம் ரத்தாகும். படங்களை வேறிடத்தில் எடுத்து வைத்துக்கொண்டு போனை ரீசெட் செய்வது நல்லது. கடவுச்சொற்களை வேறு போனில் மாற்றுங்கள். உங்களுக்கு அனுப்பியவரிடமும் சொல்லிவிடுங்கள், பாவம், அவர் போனும் இப்படித்தான் பிடிபட்டிருக்கும்.

காரைக்குடி, பழைய சாமான் கடை வைத்திருப்பவர்: மரத்தூண் ஜோடி ஒன்றை இணையத்தில் விலைக்குப் போட்டேன். ராணுவத்தில் இருக்கிறேன், பேரம் வேண்டாம், முன்பணம் அனுப்புகிறேன் என்று க்யூஆர் கோடு அனுப்பினான். ஸ்கேன் செய்து என் யூபிஐ பின் நம்பரைப் போட்டேன். 18,000 போய்விட்டது.

அண்ணே, வரவுக்குப் பின் நம்பர் வேண்டாம், பற்றுக்குத்தான் பின் நம்பர். இதை ஓர் அட்டையில் எழுதிக் கல்லாப்பெட்டி மேல் ஒட்டி வையுங்கள், கடைப் பையனும் பார்க்கட்டும். தூணை நேரில் வந்து தட்டிப் பார்க்காமல், விலையும் குறைக்காமல் ஒருவன் வாங்குகிறான் என்றால், இத்தனை வருடம் கடை நடத்திய உங்களுக்கே உறுத்தியிருக்கும். அந்த உறுத்தலை மதியுங்கள். 'தவறுதலாக அதிகம் அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்பு' என்று எவனாவது கெஞ்சினால் எஸ்எம்எஸ்ஸைப் பார்க்காதீர்கள், கணக்கின் இருப்பைப் பாருங்கள்.

கானாடுகாத்தான், ஓய்வு பெற்ற ஆசிரியர்: பங்குச் சந்தைக் குழு ஒன்றில் சேர்ந்தேன். செயலியில் என் பணம் மூன்று மடங்காகக் காட்டுகிறது. ஒருமுறை 5,000 எடுக்கவும் முடிந்தது. இப்போது முழுதாக எடுக்க, முதலில் வரி கட்டச் சொல்கிறார்கள்.

ஐயா, வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் நேராகச் சொல்லிவிடுகிறேன். அந்த வரியைக் கட்டாதீர்கள். அதுவும் போய்விடும். அந்த 5,000 உங்களை நம்ப வைக்கப் போட்ட தூண்டில்.

அந்தக் காலத்தில் நம்மவர்களின் வட்டிக்கடைகளை நடத்த ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போன ஏஜெண்டுகள் மூன்று வருடத் தவணை முடிந்து வந்தால், ஏட்டில் லாபம் எழுதியிருக்கிறது என்பதற்காக முதலாளி தலையாட்டிவிட மாட்டார். பெட்டியில் இருக்கும் ரொக்கம் ஏட்டோடு ஒத்துப்போக வேண்டும். உங்கள் செயலியில் தெரிவது அவன் இஷ்டத்துக்கு எழுதிய ஏடு. பெட்டியே கிடையாது.

நீங்கள் ஒவ்வொரு முறையும் யார் பெயருக்கு அனுப்பினீர்கள் என்று பாருங்கள். ஒருமுறை ஏதோ டிரேடர்ஸ், இன்னொரு முறை ஒரு தனி ஆள் என்று இருக்கும். பதிவு பெற்ற தரகர் அப்படி வாங்க மாட்டார். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2025 அக்டோபரிலிருந்து, பதிவு பெற்றவர்களுக்கு 'அட்' (@) குறிக்குப் பின்னால் 'வேலிட்' என்று வரும் தனி யூபிஐ முகவரியைக் கொடுத்திருக்கிறது. அடுத்த முறை பணம் போடுவதற்கு முன் அதைப் பாருங்கள். இன்றைக்கு, இங்கிருந்தே 1930-ஐக் கூப்பிடுவோம்.

புதுவயல், ஒரு தாயார்: மகனுக்குத் தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, மாதம் எண்பதாயிரம். சுற்றுலா விசாவில் வரச் சொல்கிறார்கள்.

அனுப்பாதீர்கள் அம்மா. பாங்காக்கில் இறக்கி, எல்லை தாண்டி மியான்மரின் மியாவடி பக்கம் கொண்டு போய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, நம் போன்ற ஆட்களை ஏமாற்றும் வேலையில் உட்கார வைக்கிறார்கள். செய்ய மறுத்தால் அடி. 2025 மார்ச்சில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானப்படை விமானங்களில் மீட்டு வந்தார்கள். நம் முன்னோர் பர்மாவில் கடை வைத்தார்கள், 1942-இல் ஜப்பான்காரன் வந்தபோது காட்டு வழியே நடந்து உயிரோடு வந்து சேர்ந்தார்கள். அதே மண்ணில் நம் பிள்ளை அடைபட்டுக் கிடக்கக் கூடாது. முகவர் பதிவு பெற்றவரா என்பதை வெளியுறவுத் துறையின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். சுற்றுலா விசாவில் வேலை என்றாலே பேச்சை நிறுத்திவிடுங்கள்.

கல்லூரி மாணவர்: என் வங்கிக் கணக்கையும் ஏடிஎம் கார்டையும் கொடுத்தால் மாதம் 5,000 தருகிறேன் என்கிறான் நண்பன். நான் யாரையும் ஏமாற்றவில்லையே?

தம்பி, அந்த ஆசிரியரின் பணம் உன் போன்ற ஒருவர் கணக்கு வழியாகத்தான் போயிருக்கிறது. போலீஸ் முதலில் வருவது கணக்குக்காரன் வீட்டுக்கு. கணக்கு முடங்கும், வழக்கில் உன் பெயர் ஏறும். நண்பனிடம் முடியாது என்று சொல்லிவிடு.

கோட்டையூர், நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மா: கைரேகை வைத்தே பணம் எடுக்கிறார்களாமே?

கள்ள ரேகை செய்து ஆதார் வழியாகப் பணம் எடுத்த வழக்குகள் வேறு மாநிலங்களில் வந்திருக்கின்றன. ஆதார் செயலியில் 'பயோமெட்ரிக்'கைப் பூட்டி வைக்கலாம். கூலிப் பணம் எடுக்க ரேகை வைக்க வேண்டிய நாளில் திறந்துகொள்ளலாம். மகளிடம் போனைக் கொடுங்கள், ஐந்து நிமிட வேலை.

கடைசியாக, கூட்டம் கலைந்த பிறகு தயங்கி நின்ற ஒருவர்: எட்டு நாளாயிற்று. ஆறு லட்சம். வீட்டில் சொல்லவில்லை. இனிச் சொல்லி என்ன பயன்?

இதற்குத்தான் நான் இந்தக் கூட்டத்தையே கூட்டினேன். என் சொந்தச் சித்தப்பா இப்படித்தான் பதினோரு நாள் வாய் திறக்கவில்லை. ஊருக்கெல்லாம் கணக்கு எழுதியவர், தன் கணக்கில் ஓட்டை விழுந்ததைச் சொல்லக் கூச்சப்பட்டார். அந்தப் பதினோரு நாளில் பணம் நாலைந்து கணக்குகள் தாண்டி ஏடிஎம்மில் ரொக்கமாக வெளியேறிவிட்டது. எங்கள் வங்கியில் முதல் ஒரு மணி நேரத்தில் வந்த புகார்களில் பணத்தை வழியிலேயே நிறுத்தியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

1930-க்குச் சொன்னால் அந்தத் தகவல் அடுத்தடுத்த வங்கிகளுக்குப் போய், அங்கே மிச்சமிருப்பதைப் பிடித்து வைப்பார்கள். பிடித்ததைத் திரும்பப் பெற நீதிமன்ற உத்தரவு வரை போக வேண்டியிருக்கலாம். எட்டு நாள் என்பது தாமதம்தான், மறைக்கவில்லை. ஆனால் எல்லாக் கணக்குகளும் காலியாகியிருக்கும் என்றும் இல்லை.

இன்னொன்று. உங்களுக்கே தெரியாமல், உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் போன பணமென்றால், ரிசர்வ் வங்கி 2017-இல் கொண்டுவந்த விதிப்படி மூன்று வேலை நாளுக்குள் வங்கியிடம் சொன்னவருக்கு நஷ்டம் கிடையாது. ஏமாந்து நாமே பின் நம்பர் போட்டு அனுப்பியதற்கு அந்த விதி அப்படியே கைகொடுக்காது. ஆகவேதான் 1930 முக்கியம். இடையில் யாராவது 'போன பணத்தை மீட்டுத் தருகிறேன், கட்டணம் கொடு' என்று வந்தால் அவனும் அதே கூட்டம்தான்.

இப்போதே இங்கிருந்து 1930-க்குப் போடுங்கள், நான் பக்கத்தில் இருக்கிறேன். ஒவ்வொரு பரிமாற்றத்தின் 12 இலக்க எண், தேதி, நேரம், தொகை எல்லாம் கேட்பார்கள். வீட்டில் நீங்கள் சொல்லக் கூச்சப்பட்டால் நானே வந்து அண்ணியிடம் சொல்கிறேன். நாளைக் காலை பாஸ்புக்கையும் அந்தப் போனையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், எதையும் அழித்துவிடாதீர்கள். ஒன்பது மணி பஸ்ஸில் சிவகங்கை சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நானும் கூட வருகிறேன்.