ஐரோப்பாவும் முழு வேலைவாய்ப்பும்: கேட்டீர்கள், சொல்கிறேன்

கல்லூரி மாணவி: மேடம், முழு வேலைவாய்ப்பு ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்திலேயே இருக்கிறதா? எங்கள் பாடத்தில் விலைவாசிக் கட்டுப்பாடு மட்டும்தான் வருகிறது.

இருக்கிறதும்மா. ஒன்றிய ஒப்பந்தத்தின் 3வது பிரிவைப் பாருங்கள். முழு வேலைவாய்ப்பும் சமூக முன்னேற்றமும் நோக்கம் என்று எழுதியிருக்கிறது. ஒன்றிய ஒப்பந்தத்தைத் திருத்திய லிஸ்பன் ஒப்பந்தம் வழியாக 2009 டிசம்பர் 1 முதல் அமலில் இருக்கும் வாசகம் அது.

வங்கி ஊழியர்: அப்படியென்றால் வேலையின்மை 0% ஆக வேண்டுமா?

வேண்டாம். ஒரு வேலையை விட்டு அடுத்ததில் சேரும்வரை இடைவெளி இருக்கத்தான் செய்யும். பிரிட்டனில் பொருளாதார அறிஞர் பெவரிட்ஜ் 1944இல், வேலையின்மை 3% இருந்தாலும் அது முழு வேலைவாய்ப்புதான் என்று கணக்குச் சொன்னார்.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்: அமெரிக்க மத்திய வங்கி வேலைவாய்ப்பையும் பார்க்கிறது. ஐரோப்பிய மத்திய வங்கி ஏன் பார்ப்பதில்லை?

கோளாறு இங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவில் 1977ஆம் ஆண்டுச் சட்டம் விலை நிலைத்தன்மை, வேலைவாய்ப்பு இரண்டையும் ஒரே தட்டில் வைத்தது. ஐரோப்பாவிலோ விலை நிலைத்தன்மைதான் முதல் கடமை. அதற்குப் பங்கம் வராத அளவில் மற்ற நோக்கங்களுக்கும் கைகொடுக்கலாம், அவ்வளவுதான். விலைவாசியை அடக்க, 2011 ஏப்ரலிலும் ஜூலையிலும் அந்த வங்கியினர் வட்டியை 1%இலிருந்து 1.5%க்கு ஏற்றினார்கள். அப்போது ஸ்பெயினில் வேலையில் இருப்போர், வேலை தேடுவோர் எல்லோரையும் சேர்த்தால் ஐந்தில் ஒருவருக்கு வேலையில்லை. 2013இல் அது 26% ஆனது, கிரீஸில் 27%ஐத் தாண்டியது. பட்ஜெட் பற்றாக்குறை நாட்டின் மொத்த உற்பத்தியில் 3%ஐத் தாண்டினால் யூரோ நாட்டுக்கு அபராதம் போட விதி உண்டு. 2016இல் ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் அதைத் தள்ளுபடி செய்தார்கள் என்றாலும் விதி விதிதான். வேலையின்மை 26% ஆனால் யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. எழுதிவைத்த நோக்கத்துக்குப் பொறுப்பாளி இல்லை என்பதே என் மனக்குறை.

ஃபிராங்க்ஃபர்ட்டில் வேலை பார்ப்பவர்: இங்கே ஆள் கிடைக்கவில்லை என்கிறார்கள் அக்கா. இலக்கை எட்டிவிட்டோமா?

கிட்டத்தில் வந்திருக்கிறோம் தம்பி. 20 முதல் 64 வயதுக்காரர்களில் வேலையில் இருப்போர் 2024இல் சுமார் 76%. 2030க்கு வைத்த இலக்கு 78%. ஆனால் இது சராசரி. நெதர்லாந்தில் 83% என்றால் இத்தாலியில் 67%தான், அங்கே பெண்கள் நிலை இன்னும் மோசம். இன்னொன்று, கணக்கெடுக்கும் வாரத்தில் சம்பளத்துக்கு ஒரு மணி நேரம் உழைத்தாலே 'வேலையில் இருப்பவர்'. உங்கள் ஊரில் குறைந்த சம்பளத்துக்குச் சிறு பகுதிநேர வேலை பார்க்கும் மினி-ஜாப்காரர்களும் அதில் சேர்த்திதான்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: வேலையை அரசே கொடுத்துவிட முடியாதா அம்மா?

முடியும் ஐயா, வேலை போன காலம், வேலை கொடுத்த காலம் இரண்டையும் ஒரே ஊரில் பார்க்கலாம். ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குத் தெற்கே மரியந்தால். 1930இல் அங்கிருந்த துணி ஆலை மூடிப்போனது, ஊரே வேலையிழந்தது. மரி யஹோடா, லாசர்ஸ்ஃபெல்ட், செய்சல் ஆகிய சமூக ஆய்வாளர்கள் ஆராயப் போனார்கள். ஜன்னலோரம் மறைவாக இருந்து, கடிகாரத்தைப் பார்த்து, தெருவில் போகிறவர்களின் நடையை அளந்தார்கள். ஆண்கள் மெல்ல நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். வீட்டு வேலை தீராத பெண்கள் வேகமாகப் போனார்கள். நூலகத்தில் புத்தகம் எடுப்பதுகூடக் குறைந்திருந்தது, நேரம் கொட்டிக் கிடந்தும்! எத்தனை முறை படித்தாலும் அந்த நடை என் மனதை விட்டுப் போவதில்லை.

அதே ஊரில் 2020 அக்டோபரில் வேலை உத்தரவாதத் திட்டம் தொடங்கியது. ஓராண்டுக்கு மேல் வேலையில்லாத யாருக்கும் சம்பளத்தோடு வேலை. முதலில் எட்டு வாரப் பயிற்சி, பிறகு தச்சுப்பட்டறை, பூங்காப் பராமரிப்பு போன்றவை. சேருவது அவரவர் விருப்பம். நீண்டகால வேலையின்மை அந்த ஊரில் ஏறக்குறைய இல்லாமலே போனது. திட்டம் 2024இல் முடிந்தது.

அதே மாணவி: நல்ல பலன் என்றால் ஏன் நிறுத்தினார்கள் மேடம்?

முன்னோட்டத் திட்டம்தானே, காலக்கெடுவோடுதான் தொடங்கினார்கள். நீட்டித்திருக்க வேண்டும் என்றுதான் நான் சொல்வேன்.