அனைவரும் பத்திரம்!

கேள்வி: அந்தக் காலப் பத்திரிகைகள் ஒன்றுக்கு நாலு முறை விசாரித்துவிட்டுத்தான் பெரிய செய்திகளை அச்சில் ஏற்றின. ‘முதலில் சொன்னது நாங்கள்தான்’ என்ற வெறி டி.வி.யும் இணையமும் கொண்டுவந்ததுதானே?

பதில்: இல்லை. தந்தியோடு வந்த வியாதி அது. டைட்டானிக் மூழ்கியது 1912 ஏப்ரல் 15 விடியற்காலையில். அன்று நியூயார்க்கின் ‘ஈவ்னிங் சன்’ மாலைப் பத்திரிகை போட்ட தலைப்பு, மோதலுக்குப் பின் அனைவரும் பத்திரம் என்பது! கப்பலைக் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்துக்கு இழுத்து வருகிறார்கள் என்றும் அன்று செய்தி பரவியது. கப்பல் கடலடியில் கிடந்தது. 1,500 பேர் போய்விட்டார்கள். யாரும் வேண்டுமென்றே பொய் எழுதவில்லை. கம்பியில்லாத் தந்தியில் அரைகுறையாக வந்தவற்றை ஒட்டுப்போட்டு, நடுவில் இருந்த ஓட்டையை நல்ல சேதியால் அடைத்துவிட்டார்கள். என்னால் மன்னிக்க முடியாதது அந்த அடைப்பைத்தான்.

அதே நாள் காலை ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழைப் பாருங்கள். நிர்வாக ஆசிரியர் கார் வான் ஆண்டா. பனிப்பாறையில் மோதியது, முன்பக்கம் மூழ்குகிறது, பெண்களைப் படகில் இறக்குகிறார்கள் என்று அடுக்கிக்கொண்டே வந்த தலைப்பில் ஒரு வரி: கடைசித் தந்தி நள்ளிரவு 12:27-க்கு, அதுவும் தெளிவாக இல்லை. தனக்குத் தெரிந்தது எந்த நிமிடத்தோடு நின்றுபோனது என்பதையே செய்தியாக்கிவிட்டார். புதிதாகச் சேரும் உதவி ஆசிரியர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த வரியைத்தான்.

1963-இல் அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்டபோது சி.பி.எஸ். தொலைக்காட்சியின் செய்தி வாசிப்பாளர் வால்டர் குரோன்கைட்டும் இதைத்தான் செய்தார். அதிபர் இறந்துவிட்டார் என்று தங்கள் நிருபர் டான் ராதர் சொல்கிறார், ஆனால் அதிகாரபூர்வமாக இன்னும் உறுதியாகவில்லை என்றார். யார் சொன்னது, எவ்வளவு உறுதி, இரண்டும் நேயர் கையில்.

அப்புறம், எல்லாப் பொறுமையும் பொறுமை அல்ல. 1984 அக்டோபர் 31 காலை இந்திரா காந்தி சுடப்பட்டார். அவர் மறைவை பி.பி.சி. முன்பே சொல்லிவிட்டது. ஆகாசவாணி மாலை வரை வாய் திறக்கவில்லை. சரி பார்ப்பதற்காக எடுத்துக்கொண்ட நேரம் இல்லை அது, மூடிவைத்த நேரம். அந்தக் கால நிதானம் என்று நீங்கள் நினைப்பதில் இதுவும் சேர்த்தி.

அவசரத்தில் என்ன போய்விட்டது என்று கேட்பீர்கள். 1912 ஏப்ரல் 18 இரவு, டைட்டானிக்கிலிருந்து பிழைத்த சுமார் 700 பேரோடு கார்பேத்தியா கப்பல் நியூயார்க் வந்தது. துறைமுகத்தில் மழையில் ஆயிரக்கணக்கானவர்கள் நின்றார்கள். மூன்று நாள் முன்பு ‘அனைவரும் பத்திரம்’ என்று படித்த ஊர் அது.