மேலாளரிடம் சொன்னது உரிமையாளரிடம் சொன்னதாகுமா?

கேள்வி: வெளியூரில் வசிக்கும் நான், வாடகைக்கு விட்டுள்ள வீட்டைக் கவனிக்க ஒரு சொத்து மேலாளரை நியமித்து, "எதுவானாலும் அவரிடமே பேசுங்கள்" என்று வாடகைதாரருக்கு எழுதியிருந்தேன். குழாய்க் கசிவு குறித்து வாடகைதாரர் மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பியும் அவர் எனக்குத் தெரிவிக்கவில்லை. சுவர் பழுதான பின், தாமே அதைச் சரிசெய்த வாடகைதாரர், செலவை வாடகையில் கழித்துக்கொள்ள மேலாளர் சம்மதித்தார் என்கிறார். நான் இதற்குக் கட்டுப்பட்டவனா?

பதில்: உங்கள் கேள்வியில் இரண்டு பிரச்சினைகள் உள்ளன. புகார்களைப் பெறுவதற்கென்றே நியமிக்கப்பட்ட முகவருக்கு (ஒருவர் சார்பில் செயல்படுபவர்; இங்கே உங்கள் மேலாளர்), அந்தப் பணியின்போது தரப்பட்ட அறிவிப்பு, நியமித்தவருக்கே தரப்பட்டதாகக் கருதப்படும் என்பது முகவர் சட்டத்தின் பரவலான கோட்பாடு. ஆகவே, கசிவு உங்களுக்குத் தெரியாது என்ற வாதம் வாடகைதாரரிடம் எடுபடாது.

வாடகைக் கழிவு அப்படியன்று. தகவல் பெறும் அதிகாரத்திலேயே ஒப்பந்த நிபந்தனையை மாற்றும் அதிகாரமும் அடங்கிவிடாது. ஆனால் உங்கள் கடிதத்தில் "எதுவானாலும்" என்ற சொல் இருப்பதும், இதற்குமுன் மேலாளர் அனுமதித்த கழிவுகளை நீங்கள் மறுக்காமல் ஏற்றிருந்தால் அந்த நடத்தையும், அவருக்கு அந்த அதிகாரம் இருப்பதாக வாடகைதாரர் நியாயமாக நம்பியதற்குச் சான்றாகக்கூடும். தவிர, ஒப்பந்தப்படியோ உள்ளூர் வாடகைச் சட்டப்படியோ குழாயைப் பழுதுபார்ப்பது உங்கள் பொறுப்பென்றால், சம்மதத்தை மறுத்து வழக்காடுவதில் பெரிய பயன் இருக்காது. செலவுத் தொகை நியாயமானதா என்று ரசீதுகளைக் கேட்டுச் சரிபார்ப்பதே மேல்.

மேலாளர் மீது உங்களுக்கு உரிமை உண்டு. முக்கியத் தகவலை நியமித்தவருக்கு உரிய நேரத்தில் தெரிவிப்பது அவர் கடமை. எனினும், தாமதத்தால் கூடிய சேதத்துக்கே இழப்பீடு கேட்க இயலும். தொடக்கத்திலேயே சரிசெய்திருந்தாலும் ஆகியிருக்கக்கூடிய செலவு உங்களுடையதே.

அவரை நீக்குவதாக இருந்தால், அதை அவருக்கு மட்டும் தெரிவிப்பது போதாது. நீக்கம் வாடகைதாரருக்குத் தெரியவரும் வரை, வழக்கம்போல் அவர் மேலாளரிடம் செலுத்தும் வாடகை உங்களுக்குச் செலுத்தியதாகவே கொள்ளப்பட வாய்ப்புண்டு. எனவே அன்றைக்கே, ஒப்பந்தத்தில் அறிவிப்புக்குக் குறித்துள்ள முறையில் வாடகைதாரருக்கு எழுத்துமூலம் தெரிவித்து, இனி வாடகை செலுத்தவேண்டிய கணக்கையும் புகார்களை அனுப்பவேண்டிய முகவரியையும் அதிலேயே குறிப்பிடுங்கள். மேலாளரிடமுள்ள கடிதப் போக்குவரத்து, வாடகைக் கணக்கு, முன்பணம், சாவிகள் ஆகியவற்றைக் கையொப்பத்துடன் திரும்பப் பெறுங்கள். கசிவு குறித்து வாடகைதாரர் மேலாளருக்கு அனுப்பிய மின்னஞ்சலே அவர்மீதான உங்கள் இழப்பீட்டுக் கோரிக்கைக்கு முதல் ஆவணம்.