பீமில் இருக்கிறது மதிப்பெண்

வணக்கம் ஐயா,

என் தம்பி அக்னிவீர் எழுத்துத் தேர்வில் தேறிவிட்டான். இன்னும் இரண்டு மாதத்தில் ஆள்சேர்ப்பு முகாம். தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிறான். பீமில், அதாவது கம்பியில் தொங்கி முகவாய் மேலே வரும்வரை உடலை இழுப்பதில், ஆறுக்கு மேல் ஏறவில்லை. ஓட்டம் நன்றாக இருந்தால் போதும் என்கிறான். இன்னொரு சந்தேகம்: அங்கே கையில் பட்டை, தோளில் நட்சத்திரம் என்று பலர் நிற்பார்களாமே, யாரை எப்படிக் கூப்பிடுவது?

— ஒரு வாசகர், தேனி

அன்புள்ள நண்பருக்கு,

தம்பியின் கணக்கு தப்பு. முகாமில் ஓட வேண்டிய 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 நொடிக்குள் முடித்தால் 60 மதிப்பெண். அடுத்த 15 நொடிக்குள் வந்தால் 48. போவது 12. பீமில் பத்து எடுத்தால் 40, ஒன்பதுக்கு 33, எட்டுக்கு 27, ஏழுக்கு 21, ஆறுக்கு 16. ஆறோடு நிற்பவன் 24 மதிப்பெண்ணை விட்டுவிட்டு வருகிறான். தகுதிப் பட்டியலில் அது பெரிய பள்ளம்.

ஆறு எடுப்பவனை எட்டு வாரத்தில் பத்துக்குக் கொண்டுவரலாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள், நாற்காலியில் ஏறி முகவாயைக் கம்பிக்கு மேல் வைத்து, ஐந்து நொடி எடுத்து மெல்லக் கீழே இறங்கட்டும். ஐந்து முறை செய்தால் ஒரு சுற்று. மூன்று சுற்று போதும். உள்ளங்கை முன்னோக்கி இருக்கும்படி பிடித்துப் பழகட்டும். கீழே வரும்போது முழங்கை முழுசாக நீள வேண்டும், காலை உதைத்து ஆடக் கூடாது. பையன் ஒன்பது என்று எண்ணியிருப்பான், எண்ணுகிறவர் ஆறு என்பார். பாதித் தொங்கலில் திரும்ப ஏறியதெல்லாம் கணக்கில் வராது. முகாமில் ஓடிக் களைத்த பிறகுதான் பீம் வரும். அதனால் நான்காவது வாரத்திலிருந்து ஓடி முடித்த கையோடு கம்பியைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

தினமும் பத்து கிலோமீட்டர் வேண்டாம். அது மெதுவாக நெடுநேரம் ஓடத்தான் பழக்கும். 400 மீட்டர் தடத்தில் நான்கு சுற்று, சுற்றுக்கு 82 நொடி என்பதுதான் இலக்கு. வாரம் இரண்டு நாள், 400 மீட்டரை 80 நொடியில் ஆறு முறை, நடுவே இரண்டு நிமிட நடை. ஒரு நாள் நிதானமாக ஆறு கிலோமீட்டர். ஒரு நாள் கடிகாரம் வைத்து 1.6. முகாமில் கூட்டமாக ஓடவிடுவார்கள், முட்டி மோதி முதல் சுற்றை 68 நொடியில் ஓடுகிறவனுக்கு மூன்றாவது சுற்றில் கால் கட்டிக்கொள்ளும். தார்ச் சாலையில் தேய்ந்த ஷூவோடு ஓடினால் முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் வலி வரும், மண் தடமே நல்லது. ஒன்பது அடிப் பள்ளத்தைத் தாண்டுவதும், வளைந்து போகும் ஒடுங்கிய கட்டையில் விழாமல் நடக்கும் ஜிக்ஜாக் நடையும் தேறினால் போதும், மதிப்பெண் கிடையாது. ஜிக்ஜாக்கில் பாதத்தைப் பார்க்காமல் நாலடி தள்ளிப் பார்த்து நடக்கட்டும்.

இனி பட்டையும் நட்சத்திரமும். கையில் ஒரு பட்டை லான்ஸ் நாயக், இரண்டு நாயக், மூன்று ஹவில்தார். தோளில் நட்சத்திரம் தெரிந்தவுடன் அதிகாரி என்று முடிவு கட்ட வேண்டாம். அதன் கீழே சிவப்பு, மஞ்சள், சிவப்பு நாடா இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு நட்சத்திரமும் நாடாவும் என்றால் சுபேதார். நாடா இல்லாத இரண்டு நட்சத்திரம் லெப்டினன்ட். நாடாவோடு ஒரே நட்சத்திரம் நாயப் சுபேதார். சிங்க முத்திரையோடு நாடா இருந்தால் சுபேதார் மேஜர், முத்திரை இருந்து நாடா இல்லையென்றால் மேஜர். இந்த இரண்டு மேஜர்களைத்தான் பையன்கள் அதிகம் குழப்புகிறார்கள்.

நாடா உள்ளவர்களை 'சாப்' என்பது படையின் வழக்கம். புதிதாக வந்த லெப்டினன்ட்கூட, வயதிலும் அனுபவத்திலும் மூத்த சுபேதாரை 'சுபேதார் சாப்' என்றுதான் அழைப்பார். அதிகாரிக்கு 'சார்'. பட்டைக்காரர்களுக்கும் வெளியாள் 'சார்' என்றால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பயிற்சி மையம் போனபின் சொல்லிக்கொடுப்பவர் 'உஸ்தாத்' ஆகிவிடுவார். 'அண்ணா'வும் 'ஏட்டய்யா'வும் ஊரோடு நிற்கட்டும். சல்யூட் அடிக்க வேண்டாம். சீருடையும் தொப்பியும் இல்லாதவன் நெற்றிக்குக் கை கொண்டுபோவது முறையில்லை. 'சாவ்தான்' நிலையில், அதாவது காலைச் சேர்த்துக் கையை உடலோடு ஒட்டி, நிமிர்ந்து நின்று 'ஜெய் ஹிந்த் சாப்' என்றால் போதும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். முகாமுக்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரிடம் காட்டிக் காது அழுக்கை எடுத்துவிடுங்கள். அடைத்த காதில் செவிப்பறையைப் பார்க்க முடியாது, மறுபரிசோதனைக்கு அலைய நேரும். சொத்தைப் பல்லையும் அப்போதே அடைத்துவிடலாம், பல்லுக்கும் புள்ளிக் கணக்கு உண்டு. குறைந்தது 14 வேண்டும்.