மூத்தவன் வாய் ஓயவில்லை, இளையவள் இன்னும் வாய் திறக்கவில்லை: இரண்டு பேரோடும் எப்படிப் பேசுவது?

மூத்த பையனுக்கு 3 வயது ஆகப் போகிறது, நாள் முழுக்கப் பேசுகிறான்; இளைய பெண்ணுக்கு 11 மாதம், ஒரு சொல்கூட இன்னும் வரவில்லை; இவளுக்குத் தனியாக உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க வேண்டுமா, இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு மற்றவர்கள் வீட்டில் எப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் கிட்டத்தட்ட இதே நிலைதான். பையன் இரண்டரையைத் தாண்டிவிட்டான், சின்னவளுக்கு இப்போதுதான் ஒரு வயது முடிந்தது. காரைக்குடிக்குப் பக்கத்தில் பள்ளத்தூரில், மாமனார் மாமியாரோடு பழைய வீட்டில் இருக்கிறோம்.

தனியாக எதுவும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். சின்னவளுக்கு நீங்கள் செய்து தர வேண்டியது ஒன்றுதான்: அவள் வாய் திறக்கும்போது மற்ற எல்லோரும், முக்கியமாக அவள் அண்ணன், கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

ஏன் என்றால், முதல் பிள்ளைக்கு வீட்டில் போட்டியே இல்லை. அது "ஆ" என்றாலே நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இரண்டாவது பிள்ளை கையை நீட்டியதும் மூத்தது முந்திக்கொண்டு "பாப்பாவுக்குத் தண்ணி வேணுமாம்" என்று சொல்லிவிடும். நாமும் தண்ணீரைக் கொடுத்துவிடுவோம். கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் காரியம் நடந்துவிடுகிறது. என் பையன் இதில் மிகவும் கெட்டிக்காரன். தங்கைமேல் உள்ள பாசத்தில்தான் செய்கிறான், அதை அடக்கக் கூடாது. "சரிப்பா, நீ சொன்னது சரிதான். இப்போ பாப்பா என்ன சொல்றான்னு கேப்போம்" என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பேன். மனதுக்குள் ஐந்து, ஆறு எண்ணும் நேரம். பெரியவர்களுக்கு அந்த இடைவெளி தாங்க முடியாது, உடனே ஏதாவது சொல்லத் தோன்றும். ஆனால் குழந்தைக்குக் கேட்டதை உள்ளே வாங்கி, வாயைக் கூட்டி, ஒரு சத்தத்தை வெளியே கொண்டுவர அவ்வளவு நேரம் வேண்டும். அவள் "த்தா" என்றாலும் போதும், "தண்ணியா? இந்தா தண்ணி" என்று சொல்லிக் கொடுக்கலாம். இப்போது பையனே விரலை வாயில் வைத்து, "பாப்பா பேசப் போறா" என்று அப்பத்தாவை அடக்குகிறான்.

அண்ணன் இருப்பது அவளுக்கு நஷ்டம் என்று மட்டும் நினைக்காதீர்கள். 1996-ல் வெளியான ஒரு கனடா ஆய்வு, 2 வயதை ஒட்டிய பிள்ளைகளில் முதல் பிள்ளையையும் இரண்டாம் பிள்ளையையும் ஒப்பிட்டுப் பார்த்தது. பொதுவான பேச்சு வளர்ச்சியில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் நான், நீ போன்ற சொற்களைக் கையாள்வதில் இரண்டாவது பிள்ளைகள் முந்தியிருந்தார்கள். அம்மாவும் மூத்ததும் தங்களுக்குள் பேசிக்கொள்வதைப் பக்கத்தில் இருந்து கேட்பதால் வரும் லாபம் இது. என்னிடம் மட்டும் பேச்சுக் கேட்கும் பிள்ளைக்கு "நீ" என்றால் எப்போதும் அதுதான். நானும் அண்ணனும் பேசுவதைக் கேட்கும்போதுதான் "நீ" ஆளுக்கு ஆள் மாறுவது தெரிகிறது. அதனால் மூத்தவனோடு நீங்கள் பேசுகிற நேரம் சின்னவளிடமிருந்து திருடிய நேரம் ஆகாது. அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பேசினால் போதும்.

சின்னவளின் முதல் சொல் "அப்ப". அதைச் சொன்ன அன்று வீட்டில் நடந்த உரிமைப் போராட்டத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் அப்பா தன்னைத்தான் என்றார். மாமியார், "அப்பத்தான்னு கூப்பிடுறா, தெரியலையா?" என்றார். மாமனாரோ, எங்கள் பக்கத்துப் பழைய வழக்கப்படி தகப்பனை அப்பச்சி என்றுதானே கூப்பிட வேண்டும், அதைத்தான் தொடங்கியிருக்கிறாள் என்று மகனுக்குத் தீர்ப்புச் சொன்னார். பையன் மட்டும், அடுப்பில் வெந்துகொண்டிருந்த கந்தரப்பத்தைக் காட்டி "அப்பம்" என்றான். அடுத்த நாட்களில் கவனித்தபோது, அவன் சொன்னதும் சரி, மற்றவர்கள் சொன்னதும் சரி. அவள் பிடித்தமான எல்லாவற்றுக்கும் அதையே சொன்னாள். ப, ம, த இவையெல்லாம் உதட்டையும் நாக்கு நுனியையும் வைத்து எளிதாக வரும் சத்தங்கள், அதனால் முதலில் வருகின்றன. எதைச் சொல்கிறாள் என்பதைக் கண்ணும் கையும் எங்கே போகின்றன என்று பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்து அந்தப் பெயரை நாம் முழுதாகச் சொன்னால், அதுதான் பாடம்.

இந்த வீடும் ஒரு விதத்தில் எனக்கு உதவுகிறது. முகப்பு, வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாம் கட்டு என்று நீண்டு போகிற வீடு. பங்காளிகள் பங்கு பூட்டிக் கிடக்கிறது. வளவில் தவழ்ந்தபோது ஒருநாள் சின்னவள் கத்தியது சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. திடுக்கிட்டு நின்று, மறுபடி கத்தினாள். அதற்கப்புறம் தினமும் காலையில் அவளுக்கு அதுதான் வேலை, அண்ணனும் சேர்ந்துகொள்வான். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் உள்ள பூவை விரலால் தொட்டுத் தொட்டு என்னைப் பார்ப்பாள். நிலைக்கு மேலே இருக்கும் லட்சுமியை நோக்கிக் கையை நீட்டுவாள். இந்த விரல் நீட்டலை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 9 மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் பிள்ளை ஒன்றைக் காட்டிவிட்டு நம் முகத்தைத் திரும்பிப் பார்த்தால், சொல் வரும் வழி திறந்துவிட்டது என்று அர்த்தம். உங்கள் பெண் இதைச் செய்கிறாளா என்று இன்றைக்கே பாருங்கள். செய்தால் 11 மாதத்தில் சொல் வரவில்லையே என்று கவலைப்படத் தேவையில்லை. முதல் சொல் ஒரு வயதை ஒட்டித்தான் வரும், சிலருக்கு இன்னும் சில மாதம் தள்ளியும் வரும்.

மூத்தவன் பக்கம் வருகிறேன். அவன் பேச்சில் தப்பு நிறைய இருக்கும், அதைத் திருத்த உட்காராதீர்கள். என் பையன் "பஸ் வந்தாரு" என்பான். ஐயா (அவன் தாத்தா) வந்தாரு, டாக்டர் வந்தாரு என்று கேட்ட பிள்ளை, பெரிதாக எது வந்தாலும் அதே மரியாதையைக் கொடுக்கிறது. அவன் ஒரு விதியைக் கண்டுபிடித்துப் போட்டுப் பார்க்கிறான், அதில் எனக்குப் பெருமைதான். "ஆமா, பஸ் வந்திருச்சு! யார் யார் இறங்குறாங்க?" என்று சரியான வாக்கியத்தை என் பேச்சில் வைத்துவிட்டு மேலே போய்விடுவேன். "அப்படிச் சொல்லக் கூடாது, வந்துச்சுன்னு சொல்லு" என்று நிறுத்தினால் பஸ்ஸைப் பற்றிச் சொல்ல வந்ததையே விட்டுவிடுவான்.

உச்சரிப்பும் அப்படித்தான். பழத்தை அவன் "பயம்" என்பான். நானும் "பயம் வேணுமா?" என்று கேட்டால் கோபம் வந்துவிடும். "பயம் இல்லே... பயம்!" என்று காலை உதைப்பான். அவன் காதுக்கு வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது, நாக்குதான் இன்னும் வளையவில்லை. பல பிள்ளைகளிடமும் காணப்படுவது இது. மொழி ஆராய்ச்சியாளர்கள் 1960-லேயே பதிவு செய்திருக்கிறார்கள். ழ, ற போன்றவை கடைசியில்தான் வரும். அதனால் மழலையைப் பார்த்து மழலையாகவே திருப்பிப் பேச வேண்டாம். குரலை இழுத்து, ஏற்றி இறக்கி, கொஞ்சிப் பேசுங்கள், அது நல்லது, குழந்தைகள் அந்தக் குரலைத்தான் அதிகம் கவனிக்கும். சொல் மட்டும் முழுதாக இருக்கட்டும். சோறு, சோறாகவே காதில் விழட்டும். இங்கா, தாச்சி, ஜோஜோ போன்ற சொற்கள் வேறு, அவை எல்லா வீட்டிலும் உள்ள குழந்தைச் சொற்கள், அவற்றால் ஒரு கெடுதலும் இல்லை.

சின்னவள் பிறந்த புதிதில் பையன் பின்னால் போனான். நன்றாகப் பேசியவன் பாப்பா மாதிரி "ங்கா, ங்கா" என்றான், தொட்டிலில் போடச் சொன்னான். விட்டுவிடலாம், தானே சலித்துவிடும். அப்புறம் ஒரு கட்டத்தில் திக்கல் வந்தது, "நா நா நா நான் போறேன்" என்று. இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் பல பிள்ளைகளுக்கு இது வந்து போகும். சொல்ல நினைப்பது அதிகம், வாய் அதற்கு ஈடு கொடுக்காது. "மெதுவா பேசு", "மூச்சு விட்டுட்டுப் பேசு" என்று யாரையும் சொல்ல விடாதீர்கள். அவன் முடிக்கும் வரை கண்ணைப் பார்த்துக் கேட்டுவிட்டு, நாம் பதிலை நிதானமாகச் சொன்னால் போதும். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, முகம் இறுகித் தவித்தாலோ மட்டும் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்ட வேண்டும்.

அவன் வாக்கியம் நீண்டது நடந்து முடிந்ததைத் திரும்பச் சொல்லும்போதுதான். நகரத்தார் வீடுகளில் நடக்கும் பிள்ளையார் நோன்புக்குப் பங்காளிகள் எல்லாம் வந்து வீடு நிறைந்திருந்தது. மாவில் திரி வைத்து ஏற்றிய இழையை எல்லோரும் எரிய எரிய வாங்கி வாயில் போட்டதைப் பார்த்துவிட்டு, "ஐயா நெருப்பு குடுத்தாரு, நான் ஆம்" என்றான். யார் கொடுத்தது, முதலில் யார் வாங்கியது, சுட்டதா, பாப்பா என்ன செய்தாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒரு வாரத்தில் அதே கதை "எல்லாரும் நின்னாங்க, ஐயா எனக்கு இழை குடுத்தாரு, பாப்பா பயந்து அழுதா" என்று வளர்ந்துவிட்டது. கேட்டுக்கொண்டிருந்த சின்னவளும் "அழுதா" வரும் இடத்தில் உதட்டைப் பிதுக்கிக் காட்டினாள். படம் போட்ட அட்டைகளை வைத்து "இது என்ன? இது என்ன?" என்று பரீட்சை நடத்துவதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் உறுதியான எண்ணம். விடை தெரிந்த கேள்விக்குப் பிள்ளை ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளும். கதை அப்படி நிற்காது.

சாப்பாட்டு வேளையில் போனை ஒதுக்கி வையுங்கள். 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. 2003-ல் அமெரிக்காவில் 9 மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கச் செய்தார்கள். நேரில் ஒருவர் விளையாடிக்கொண்டே பேசியபோது குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிடித்துக்கொண்டன. அதே பேச்சை வீடியோவில் காட்டியபோது எதுவும் ஏறவில்லை. கண்ணைப் பார்த்து, பதிலுக்குப் பதில் பேச ஆள் வேண்டும். தேவகோட்டையில் இருக்கும் என் அம்மாவோடு வீடியோ காலில் பேசுவதை மட்டும் நான் தடுப்பதில்லை. அங்கே ஆயா, அதாவது என் அம்மா, இவளைப் பார்த்துப் பதில் சொல்கிறார், காத்திருக்கிறார், உள்ளங்கையில் பருப்புக் கடையும் விளையாட்டை அந்தப் பக்கம் அவர் காட்ட, இந்தப் பக்கம் பையன் தங்கையின் கையில் கடைகிறான்.

இங்கிலீஷில் பேசினால்தான் பள்ளிக்கூடத்தில் நன்றாக வருவான் என்று உங்களுக்கும் யாராவது சொல்வார்கள். உங்களுக்கு எந்த மொழியில் கொஞ்சவும் கோபிக்கவும் கதை சொல்லவும் வருமோ, அந்த மொழியிலேயே பேசுங்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகாது. ஆனால் அம்மா தடுமாறிப் பேசும் மொழியில் பிள்ளைக்குக் கிடைக்கும் பேச்சு குறைந்துவிடும்.

வசம்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் அதைப் பிள்ளை வளர்ப்பான் என்பார்கள். சுட்டு உரைத்து நாக்கில் தடவினால் பேச்சு தெளியும் என்று நம்பிக்கை. கூடவே தேனும். ஒரு வயதுக்குள் தேன் கொடுக்கவே கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமி வித்துகள் குழந்தையின் குடலில் வளர்ந்து தசைகளைச் செயலிழக்கச் செய்யலாம். வசம்பையும் உள்ளுக்குக் கொடுக்க வேண்டாம் என்றுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். மாமியாரிடம் இதை மரியாதையாக எடுத்துச் சொன்னேன், விட்டுவிட்டார்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை இவை. ஒரு வயதாகியும் பபப, மமம என்று அசையை அடுக்காமல் இருப்பது, எதையும் சுட்டிக் காட்டாமல், டாட்டா காட்டாமல் இருப்பது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது. 16 மாதமாகியும் ஒரு சொல் வராதது. 2 வயதாகியும் "அம்மா வா" போல இரண்டு சொல்லைத் தானாகச் சேர்க்காதது. எந்த வயதிலும் சரி, வந்த பேச்சு மறைந்து போவது. இதில் எது இருந்தாலும் முதலில் காதைச் சோதிக்க வேண்டும். சத்தத்துக்குத் திரும்புகிறாளே என்று நாமே முடிவு செய்யக் கூடாது, ஓரளவு கேட்கும் பிள்ளையும் தட்டு விழுந்தால் திரும்பும். "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்", "அவங்க அப்பாவும் நாலு வயசுலதான் பேசினான்" என்று சொல்பவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள், இருந்தாலும் அதற்காகக் காத்திருக்காதீர்கள். 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடத்தில் இரண்டு முறை வந்து பிள்ளைகளைப் பார்க்கிறது. அவர்கள் வழியாக மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்குப் போனால் காது, பேச்சு இரண்டையும் இலவசமாகச் சோதிப்பார்கள். உங்கள் பெண்ணின் ஒரு வயது தடுப்பூசிக்குப் போகும்போது இந்தப் பட்டியலை டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். அதுவரை மூத்தவனைக் கொஞ்சம் காத்திருக்கப் பழக்குங்கள்.